பத்தோடு நிற்கும் பட்டியல்

மும்பை அணுசக்தி நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) மூலம் தமிழ்நாட்டு ஆறுகளைப் பட்டியலிட்டாராம். அகரத்தில் தொடங்கும் பெயர்கள் வந்தன. வைகையையும் தாமிரபரணியையும் காணோம். அவற்றுக்குக் கட்டுரையே இல்லையா என்று கேட்கிறார்.

இருக்கின்றன. ஒரு பகுப்பிலுள்ள பக்கங்களைக் கேட்கும்போது எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி பத்து மட்டுமே தரும். வழக்கமாக அகர வரிசையில் தருவதால் வைகைக்கு முறை வருவதே இல்லை. பிழைச் செய்தியும் வராது. வந்த பத்தும் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. இதைத்தான் ஆபத்து என்பேன். செம்பூர்க் கல்யாணப் பந்தியில் முதலில் வைத்த சோற்றோடு எழுந்துவிட்டு, சாம்பார் மட்டும்தான் போட்டார்கள் என்று சொல்வதைப் போன்றது இது.

வரம்பை 500 வரை உயர்த்தலாம். பாட் எனும் தானியங்கிக் கணக்குகளுக்கு 5000. அதைத் தாண்டினால் மறுபடியும் வெட்டு விழும். ஆகவே கவனிக்க வேண்டியது பதிலோடு வரும் 'கன்டினியூ' என்ற பகுதியை. அதில் உள்ளதை அப்படியே அடுத்த கேள்வியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பகுதி வராமல் போனால்தான் பட்டியல் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'கன்டினியூ'வில் வரும் குறிதான். அது 'இத்தனையாவது' என்று எண்ணி வைப்பதில்லை. வரிசையில் எந்தப் பெயரருகே நின்றோம் என்பதைக் குறித்து வைக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ அகரத்தில் புதுக் கட்டுரை எழுதினாலும் மிச்சப் பட்டியல் குலையாது. எண்ணிக்கையை வைத்துத் தாண்டிப்போகும் 'ஆஃப்செட்' முறையில் அப்படியல்ல: முன்னால் ஒன்று சேர்ந்தால் வந்ததே திரும்ப வரும், ஒன்று நீங்கினால் வரவேண்டிய ஒன்று நழுவிவிடும். 2012இல் தொடங்கிய இந்திய அரசின் திறந்த தரவுத் தளம் ஆஃப்செட்டைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் மாதிரி ஏபிஐ சாவியைக் கொண்டு கேட்டால் ஒரு முறைக்குப் பத்துப் பதிவுகளுக்கு மேல் கிடைக்காது.

வரம்பு நியாயமானது. எல்லோருக்கும் இலவசமாக ஓடும் சர்வரை ஒருவரே அடைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேட்பதே மரியாதை. ஆனால் தரவை வெளியிடுவோர் மொத்த எண்ணிக்கையை ஒவ்வொரு பதிலிலும் சொல்ல வேண்டும். அரைப் பட்டியலை வைத்து வரைபடம் போட்டு, அதையே மாநிலத்தின் நிலை என்று அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

மாணவிக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பகுப்பில் மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று 'கேட்டகரி இன்ஃபோ' சொல்லிவிடும். முதலில் அதைக் கேளுங்கள். கைக்கு வந்தவற்றை எண்ணி, இரண்டும் ஒத்துப்போன பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.