பதக்கம் பறிபோன வீரர் ஜிம் தார்ப்



கால்பந்துன்னா நமக்கு பீலேயும் மாரடோனாவும்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனால் அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்பது வேறு ஆட்டம். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம், உதைக்கலாம். ஓடுபவரை எதிரணியினர் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். நம்ம கபடியும் கால்பந்தும் கலந்த மாதிரின்னு வச்சுக்கோங்க! நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லூரி அணிகள்தான் இதில் பெயர் பெற்றிருந்தன. அந்தக் காலத்து நட்சத்திரம் ஜிம் தார்ப் பற்றி எழுதுகிறேன்.

யார் இவர்?

அமெரிக்கப் பூர்வகுடிகளில் 'சாக் அண்ட் ஃபாக்ஸ்' இனத்தைச் சேர்ந்தவர். பிறந்தது 1880-களின் கடைசியில், இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில். 1904-இல் பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் பள்ளியில் சேர்ந்தார். அது பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய விடுதிப் பள்ளி. அங்கே பிள்ளைகளின் முடியை வெட்டிவிடுவார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை! ஆனாலும் அந்தப் பள்ளி அணி பெரிய பெரிய கல்லூரிகளோடு மோதியது.

1907-இல் ஒரு நாள், உயரம் தாண்டும் பயிற்சி நடந்த பக்கமாக ஜிம் போனாராம். வேலைக்குப் போடும் உடுப்போடவே 5 அடி 9 அங்குலம் தாண்டிட்டார்! பயிற்சியாளர் பாப் வார்னர் உடனே அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்.

மைதானத்தில்

1911-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை கார்லைல் 18-15 என்று வென்றது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய ஜிம், கம்பங்களுக்கு இடையே நான்கு முறை பந்தை உதைத்து 12 புள்ளிகள் எடுத்தார். 1912-இல் ராணுவக் கல்லூரியை 27-6 என்று தோற்கடித்தார்கள். அந்த ராணுவ அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஐசன்ஹோவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். அமெரிக்க ராணுவம் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்ற ஊண்டட் நீ படுகொலை நடந்தது 1890-இல். அதற்குப் பிறகு 22 வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த வெற்றி அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க!

பதக்கம் வந்தது, போனது

அதே 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லான், பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லான் இரண்டிலும் ஜிம் தங்கம் வென்றார். டெகத்லானில் இரண்டாம் இடம் வந்த சுவீடன் வீரர் வீஸ்லாண்டர் கிட்டத்தட்ட 700 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்.

1913 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. 1909, 1910-இல் ஜிம் சொற்ப சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார். பணம் வாங்கி ஆடியவர்களுக்கு அப்போது ஒலிம்பிக்கில் இடம் கிடையாது. மற்ற கல்லூரி மாணவர்களும் இப்படி ஆடினார்கள், ஆனால் பொய்ப் பெயரில்! ஜிம் தன் சொந்தப் பெயரிலேயே ஆடியதால் மாட்டிக்கொண்டார். போட்டி முடிந்து 30 நாளுக்குள் புகார் வரவேண்டும் என்பது விதி. வந்ததோ ஆறு மாதம் கழித்து. இருந்தும் பதக்கங்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு

ஜிம் சோர்ந்துவிடவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக பேஸ்பால் ஆடினார். 1915 முதல் கேன்டன் புல்டாக்ஸ் அணிக்காக, ஆட்டத்துக்கு 250 டாலர் சம்பளத்தில் ஃபுட்பால் ஆடினார். இன்றைய என்.எஃப்.எல். அமைப்பு 1920-இல் வேறு பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். ஆட்டத்தை விட்ட பிறகு கஷ்ட ஜீவனம். கூலி வேலை செய்தார், சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் போட்டார். 1953-இல் காலமானார்.

1982-இல் ஒலிம்பிக் கமிட்டி மனம் மாறி, அவரை 'இணை வெற்றியாளர்' என்றது. அடுத்த ஆண்டு பதக்கங்களின் நகல்கள் அவர் பிள்ளைகளிடம் தரப்பட்டன. 2022 ஜூலையில்தான் இரண்டு போட்டிகளுக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். அந்தத் தங்கம் தனக்கு உரியது என்று வீஸ்லாண்டர் ஒருபோதும் ஏற்றதில்லை என அவர் குடும்பத்தாரே சொன்னார்கள். எவ்வளவு பெரிய மனசு!

என் கருத்து இதுதான்: விதி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். ஜிம்முக்கு ஒரு விதி, புகார் சொன்னவர்களுக்கு ஒரு விதி என்று ஆனதால்தான், ஒரு நியாயம் கிடைக்க 110 வருஷம் ஆச்சு. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

நீங்க என்ன நினைக்கிறீங்க? கீழே உள்ள காலி இடத்தில் எழுதுங்க!