நடந்தவனுக்கே பாதை!

"என்ன வே, பஸ்ஸு ஓடலியோ?"

கல்லிடைக்குறிச்சித் தேநீர்க் கடையிலே ஒரு பெரியவர் கேட்டார். வியர்வை வழிய, சைக்கிளைச் சுவரிலே சாய்த்துவிட்டு நின்ற நம்மைப் பார்த்துத்தான்!

"ஓடுது அண்ணாச்சி! ஆனா அது நிக்கிற இடத்திலதானே நாம இறங்கணும்?" என்றோம். சிரித்துவிட்டார். சிரித்தவரே, அடுத்த ஊருக்கு ஆற்றோரமாகப் போகும் வழியையும் சொல்லி அனுப்பினார்.

பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலோடு கலக்கும் பொருநை ஆற்றின் நீளம், ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பிறக்கும் இடம் அடர்ந்த காடு. அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். பாபநாசத்திலிருந்து கடல்வரை செல்லவோ, எவர் அனுமதியும் வேண்டாம். பழுதில்லாத ஒரு சைக்கிளும் மூன்று நாள் விடுப்பும் போதும்.

உழைத்துக் களைத்தவனுக்கு ஊர் சுற்றல் ஒரு கேடா என்று கேட்பர் சிலர். ஊர் சுற்றல் அல்ல தோழர்களே, இது வரலாற்றைப் படித்தல்! இந்த ஆற்றங்கரை ஓர் ஏடு. காலாலே புரட்டவேண்டிய ஏடு!

முதல் பக்கம் விக்கிரமசிங்கபுரம். 19ஆம் நூற்றாண்டிலேயே, மலையிலிருந்து விழும் நீரின் விசையைக் கொண்டு பஞ்சாலை ஓடிய ஊர். சங்கு ஊதுமுன் ஆலைவாசலை அடைய, இருட்டோடு எழுந்து நடந்த தொழிலாளர் எத்தனை தலைமுறை! அவர்களுடைய காலடிக்குக் கல்வெட்டு இல்லை; சாலைதான் சாட்சி.

அடுத்து, அம்பாசமுத்திரத்தைக் கடந்து, கல்லிடைக்குறிச்சி வழியே சேரன்மாதேவி. 1920களில் இங்கே வ.வே.சு. அய்யர் குருகுலம் நடத்தினார். பொதுமக்கள் பணம் பெற்ற அந்த இடத்திலே, பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி! பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் பொங்கி எழுந்தனர். அதே காலத்தில், 1924இல், மலைக்கு அப்பால் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம். இங்கே பந்தியிலே பேதம். அங்கே பாதையிலே பேதம். நாய் நடக்கலாம், நரி நடக்கலாம், மனிதன் நடக்கக்கூடாது என்றிருந்த நாடு இது! இன்று தடையின்றி நாம் மிதிக்கும் ஒவ்வோர் அடியும், சிறை சென்றவர்கள் வாங்கித் தந்த அடி.

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோசன முதலியார் பாலம். ஆற்றைக் கடக்கப் படகை நம்பிக் கிடந்த மக்களுக்காக, தம் கைப்பணத்தை அள்ளிக் கொடுத்தார் அந்த அலுவலர். 1843இல் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னே, 1841இல், சென்னையிலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் கால்நடையாகவே, நீலகிரியையும் சுற்றிக்கொண்டு நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தார் ஒருவர். கால்டுவெல்! வழியெல்லாம் மக்களைப் பார்த்தார். அவர்கள் பேச்சைக் கேட்டார். 1856இல் வெளிவந்தது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். நடந்த கால்களுக்குப் பின்னேதான் எழுதிய கை வந்தது!

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையைப் பிடித்தால் ஆதிச்சநல்லூர். பெருங்குடங்களிலே முன்னோரைப் புதைத்த மேடு. அதற்கப்பால், திருவைகுண்டம் அணையைத் தாண்டிச் சற்று விலகினால் சிவகளை. அங்கே கிடைத்த முதுமக்கள் தாழியின் நெல் உமி, கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்ற ஆய்வு முடிவு 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. பிறகு கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கிவிட்டது, ஊர் இன்று உள்நாட்டிலே நிற்கிறது, தன் பெயரை மட்டும் காத்துக்கொண்டு!

நடைக்கு ஆற்றல் உண்டு என்பது நமக்குப் புதிதா? 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்தது தமிழர் பெரும்படை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதிலே நடந்தார். 1982 பிப்ரவரியில், நீதி கேட்டு மதுரையிலிருந்து திருச்செந்தூர்வரை நடந்தார் கலைஞர். ஊர்தியிலே வந்திருந்தால் ஊர் திரண்டிருக்குமா?

ஆனால் இன்று நடப்பவன் நிலை என்ன? சாலையை அகலமாக்குகிறோம், ஓரத்தைச் சுருக்குகிறோம். லாரியின் ஒலிப்பான் அலறுகிறது. சைக்கிள்காரன் மண்ணிலே இறங்குகிறான். அவன் யார்? வயலுக்குப் போகும் கூலியாள், பள்ளிக்குப் போகும் சிறுமி, பால் ஊற்றப் போகும் ஏழை. அன்று சாதி தள்ளியது. இன்று வேகம் தள்ளுகிறது. தள்ளப்படுபவன் மட்டும் மாறவில்லை!

ஆகவே கேட்போம்: பாபநாசம் முதல் புன்னைக்காயல்வரை, நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் ஒரு தடம், நிழல் தர மரம், தங்கக் குறைந்த வாடகையில் ஓர் அறை. அரண்மனை கேட்கவில்லை; ஆறடி அகலம் கேட்கிறோம்!

கேட்பதோடு நில்லாமல், கிளம்புவோம் தோழர்களே! பத்துப் பேராய், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவோம். நடப்பவர் இல்லாத பாதை புல் மூடிப் போகும். நடப்பவர் பெருகினால், அரசும் வந்து தடம் போடும்!