பின்னால் வருபவருக்கு ஒரு விளக்கு

முன்னொரு காலத்தில் நம் ஊர்களில் சைக்கிள்காரருக்கும் போலீஸ்காரருக்கும் இடையே ஓயாத பூசல் ஒன்று இருந்து வந்தது. பொழுது சாய்ந்த பிறகு விளக்கில்லாமல் சைக்கிள் ஏறியவர் தெரு முனையில் பிடிபடுவார். "காற்றில் இப்போதுதான் அணைந்து விட்டது, ஐயா!" என்று கெஞ்சுவார். போலீஸ்காரர் பதில் பேசாமல் எண்ணெய் விளக்கின் தலையைத் தொட்டுப் பார்ப்பார். அது சில்லென்று இருந்தால் அபராதம். அபராதத்துக்குக் காசில்லை யென்றால் டயரிலுள்ள காற்றாவது போகும். பிறகு டைனமோ வந்தது. நம்முடைய தகப்பனார் மாலை ஆறு மணி அடித்ததும் டைனமோவை டயரின்மேல் சாய்த்து விட்டு, அது முனகும் ஓசையோடு வீடு திரும்புவது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூசல் முழுவதும் முன் விளக்கைப் பற்றியதே. பின்புறத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மட்கார்டின் நுனியில் சிறிது வெள்ளை வர்ணம், அதன் நடுவில் ஒரு சிவப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். மாட்டு வண்டியும் ஜட்காவும் பின்னால் வந்த காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. இன்று பின்னால் வருவது மாட்டு வண்டி அல்ல.

நாம் ஆசிரியத் தொழில் செய்வது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இந்தப் பக்கத்தின் முகமே மாறிவிட்டது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் இங்கே உற்பத்தியாகின்றன. ஆனால் லாரி செய்யும் தொழிலாளிகளில் பலர் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புவது சைக்கிளில்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பகல் என்ற பேதமில்லாமல் லாரிகள் ஓடுகின்றன. சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள ஓசூரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனி வேறு சாலையை மூடிக்கொள்ளும். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் வழங்கும் இலவச சைக்கிளில் நம் மாணவர்களும் இதே சாலைகளில்தான் வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்து மாலை. தனி வகுப்பு முடிந்து, சூளகிரிப் பக்கத்துக் கிராமச் சாலையில் நாம் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த ஒரு லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. அது கடந்து போன மறு கணம், நமக்கு முன்னால் பத்து முழத்தில் ஒரு பையனின் முதுகு! எப்படிப் பிரேக்கை அழுத்தினோம், எப்படி வண்டி மண்ணில் இறங்கி நின்றது என்பது நினைவில்லை. பையன் திரும்பிப் பார்த்தான். நம் வகுப்பு மாணவனே!

கை நடுங்க, "ஏன் தம்பி, பின்னால் விளக்கு வேண்டாமா?" என்று அதட்டினோம்.

"விளக்கு இருக்குதே, சார்! அப்பா வாங்கித் தந்தாரு!" என்றான் அவன்.

இருக்கத்தான் இருந்தது. நல்ல விளக்குத்தான், ஆசனத்தின் கீழே சிவப்பாக எரிந்துகொண்டும் இருந்தது. ஆனால் கேரியரில் கட்டியிருந்த புத்தக மூட்டையும், மேலே தொங்கிய கம்பளிச் சட்டையும் அதை முற்றிலும் மறைத்திருந்தன. தகப்பனார் பணம் செலவழித்தார். பிள்ளை மறக்காமல் விளக்கை ஏற்றினான். ஆயினும் பின்னால் வந்த நமக்கு அது இல்லாத விளக்கே. அன்று முதல் இந்த விஷயத்தை நாம் சிறிது ஆராய்ந்து பார்த்தோம். அறிந்ததைக் குடும்பத்தாருக்குச் சொல்லி வைப்பது கடமை என்று தோன்றுகிறது.

முதலில் கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் ஒரு விநாடியில் 22 மீட்டர் பாய்கிறது. சைக்கிள்காரர் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அவர் நகர்வது விநாடிக்கு 4 மீட்டர். இருவருக்கும் நடுவே 50 மீட்டர் இருக்கும்போதுதான் சைக்கிள் கண்ணில் படுகிறது என்று வைத்துக் கொள்வோம். மிஞ்சுவது மூன்று விநாடிக்கும் குறைவு. 200 மீட்டரிலேயே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் பதினோரு விநாடி கிடைக்கிறது. நிதானமாக விலகிப் போகலாம். பின் விளக்கு நமக்கு வாங்கித் தருவது இந்த எட்டு விநாடியைத்தான்.

"சிவப்புக் கண்ணாடி இருக்கிறதே, போதாதா?" என்று கேட்கலாம். அந்தக் கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் கடனாளி அது. பின்னால் வருபவரின் விளக்கு மங்கியிருந்தாலும், கண்ணாடியில் சேறு படிந்திருந்தாலும் அது குருடு. இருந்தாலும் மின்கலம் தீர்ந்த இரவில் கை கொடுப்பது அதுவே. ஆகவே அதைக் கழற்றாமல், துடைத்து வைத்திருங்கள். சைக்கிள்களில் பொருத்தும் இத்தகைய சாதனங்களுக்குத் தரக் கட்டுப்பாடு விதித்து மத்திய அரசாங்கம் 2020-இல் ஆணையே பிறப்பித்திருக்கிறது.

பின் விளக்கு வேண்டுமா என்பதே ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பெரிய வழக்காக இருந்தது. "பின்னால் வருகிறவன் பார்த்து வரட்டும்; முன்னால் போகிறவன் ஏன் விளக்குச் சுமக்க வேண்டும்?" என்பது சைக்கிள் சங்கத்தாரின் வாதம். நியாயமான வாதந்தான். ஆனால் 1939-இல் யுத்தம் மூண்டு ஊரெல்லாம் இருட்டடிப்பு வந்தபோது பின் விளக்கு கட்டாயமாயிற்று. யுத்தம் முடிந்த 1945-இல் அதுவே நிரந்தரச் சட்டமாயிற்று. பார்த்து ஓட்டுவது பின்னால் வருபவரின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கடமை தவறினால் தண்டனை அனுபவிப்பவர் முன்னால் போகிறவர் அல்லவா?

இனி, எதை வாங்குவது? பழைய டைனமோவில் ஒரு பெருங் குறை உண்டு. சக்கரம் நின்றால் விளக்கும் நின்றுவிடும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் அபாயமான வேளையில் இருட்டு! இப்போது கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகளுக்கு அந்தக் குறையில்லை. பொத்தான் அளவு மின்கலத்தில் எரியும் பொம்மை விளக்குகளை நெடுஞ்சாலைக்கு நம்ப வேண்டாம். சாதாரண பென்சில் மின்கலம் போடுவதோ, கைத்தொலைபேசியைப் போல மின்சாரம் ஏற்றுவதோ உத்தமம். மழையைத் தாங்குமா என்று கேளுங்கள். நேர் பின்னால் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று கடையிலேயே சாய்த்துப் பாருங்கள்.

எங்கே பொருத்துவது என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி. ஆங்கிலேயச் சட்டத்தில் பின் விளக்கு தரையிலிருந்து 35 செண்டிமீட்டருக்குக் குறையாமலும் 150 செண்டிமீட்டருக்கு மேற்படாமலும், வண்டியின் நடுவிலோ வலப்புறத்திலோ இருக்க வேண்டும். அவர்களும் நம்மைப் போல் சாலையின் இடப்பக்கம் செல்பவர்களாதலால் இந்த விதி நமக்கும் பொருந்தும். இடப்புறம் மாட்டினால் சைக்கிளும் மூட்டையும் அதை மறைக்கக் கூடும். கடந்து போகிறவர் வருவதோ வலப்புறம்.

மூட்டை கட்டாதவர்கள் ஆசனக் குழாயில் மாட்டலாம். கேரியரில் சாப்பாட்டுப் பாத்திரமோ பால் கேனோ பூக் கூடையோ ஏற்றுகிறவர்கள் கேரியரின் பின் விளிம்பிலோ மட்கார்டிலோதான் மாட்ட வேண்டும். வேஷ்டியின் நுனியும் புடவைத் தலைப்பும் விளக்கின்மேல் விழாமல் பார்த்துக் கொள்ளவும்.

சாய்வும் முக்கியம். இந்த விளக்குகளின் ஒளி பெரும்பாலும் குறுகிய கற்றையாக வெளிப்படும். ஆசனக் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதில் அப்படியே கட்டிய விளக்கு தரையைப் பார்க்கும். பின் சக்கர அச்சுக்கு இறங்கும் கம்பியில் கட்டினால் வானத்தைப் பார்க்கும்! இரண்டாலும் பயனில்லை. ஒளி சாலைக்கு இணையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

விளக்கு மினுக்க வேண்டுமா, நிலையாக எரிய வேண்டுமா? இதில் தேசங்களே மாறுபடுகின்றன. இங்கிலாந்து 2005 முதல் மினுக்கும் விளக்கை அனுமதிக்கிறது. ஜெர்மனி கூடாது என்கிறது. மினுக்கினால் சட்டென்று கண்ணில் படும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று மட்டிடுவது கடினம். கிராமத்து இருட்டில் நிலையான விளக்கே மேல். இரண்டு விளக்கு வைத்துக் கொள்ள வசதியுள்ளவர்கள் ஒன்றை நிலையாகவும் ஒன்றை மினுக்கியும் விடலாம். ஒன்று அணைந்தாலும் மற்றொன்று காக்கும்.

விளக்கோடு கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை ஒன்று கட்டிக்கொள்வது மிகவும் மலிவான பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானிகள் இரவில் மோட்டார் ஓட்டுநர்களைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பு உடை அணிந்த சைக்கிள்காரரை அடையாளம் கண்டது 100-க்கு 2 தடவைதான். ஒளி திருப்பும் மேற்சட்டை மட்டும் அணிந்தபோது 50. அத்துடன் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90! மேலும் கீழும் அசையும் காலைக் கண்டதும், "இது மனிதன்" என்று மனம் உடனே சொல்லிவிடுகிறது.

கடைசியாக ஒரு பரீட்சை, செலவில்லாதது. இன்று இரவே, வழக்கமான மூட்டையைக் கேரியரில் கட்டி, வழக்கமான உடையோடு பிள்ளையைச் சைக்கிளில் உட்கார வையுங்கள். வாகனம் வராத வீதியில் ஐம்பது தப்படி பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். நின்றபடி ஒரு முறை. காரோட்டியின் கண் உயரத்துக்குக் குனிந்து ஒரு முறை. விளக்குத் தெரிகிறதா?

நம் மாணவன் மறுநாளே விளக்கைக் கேரியரின் விளிம்புக்கு மாற்றிவிட்டான். அதை மாற்ற ஆன செலவு, ஒரு துண்டுக் கம்பி. முன் விளக்கு நாம் வழியைப் பார்ப்பதற்கு. பின் விளக்கோ பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. அதை ஓட்டுகிறவர் தாமே பார்க்க முடியாது. வீட்டில் யாராவது ஒருவர் பின்னால் நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.