ஒரு சிட்டிகை டங்ஸ்டன்

மாசு என்றால் நமக்கு நீக்க வேண்டியது. பொருளறிவியலாரோ தூய படிகத்தில் மாசை அளந்து சேர்க்கிறார்கள். மாசூட்டல் என்று பள்ளி இயற்பியலில் படித்த அதே வேலைதான். அதன் ஆற்றலையும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் வனேடியம் டை ஆக்சைடைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள்கள் குறைவு.

1959-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எஃப்.ஜே. மோரின் இதன் விந்தையை வெளியிட்டார். மின்சாரத்தை அரிதாகவே கடத்தும் இந்தப் பொருள், சுமார் 68 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உலோகமாகிவிடுகிறது. குளிர்ந்த நிலையில் வனேடியம் அணுக்கள் சோடி சோடியாக நெருங்கி நிற்கும். எலக்ட்ரான்கள் அந்தப் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கும். சூடேறினால் சோடிகள் பிரியும், எலக்ட்ரான்கள் விடுபடும். இதைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசினால் குளிரில் வெயிலின் அகச்சிவப்புக் கதிரை உள்ளே விடும், சூட்டில் தடுக்கும். வெளிச்சம் பெரிதாகக் குறையாது. மின்சாரமே தேவையில்லை.

ஆனால் வீட்டுச் சன்னலுக்கு 68 டிகிரி மிக அதிகம். அதை 25 டிகிரி பக்கம் இறக்க டங்ஸ்டன் உதவுகிறது. வனேடியத்தின் இடத்தில் அமரும் ஒவ்வொரு டங்ஸ்டன் அணுவும் கூடுதலாக இரண்டு எலக்ட்ரான்களைத் தந்து, சுற்றியுள்ள சோடிகளைக் குலைக்கிறது. நூறு உலோக அணுக்களில் ஒன்றை மாற்றினாலே 20 முதல் 25 டிகிரி வரை இறங்கிவிடும். இரண்டை மாற்றினால் காரியம் முடிந்தது.

முடிந்ததா? கூடுதல் எலக்ட்ரான்கள் குளிர்ந்த நிலையிலும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வர வேண்டிய அகச்சிவப்பில் ஒரு பங்கை அப்போதே விழுங்குகின்றன. இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு சுருங்குகிறது, சட்டென நிகழ்ந்த மாற்றம் இழுபடுகிறது. படலத்தின் பழுப்பு மஞ்சள் நிறமும் போவதில்லை. மக்னீசியம் சேர்த்தால் நிறம் தெளிந்து வெளிச்சம் கூடும். ஆனால் ஒரு விழுக்காட்டுக்கு வெப்பநிலை சுமார் 3 டிகிரிதான் குறையும். குரோமியமோ எதிர்த்திசையில் ஏற்றிவிடும்.

படலம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகத்தில் வளர்த்தால், எந்த மாசும் இல்லாமலே, படலம் இழுபடும் விசையால் மாற்றம் அறை வெப்பநிலைக்கு அருகே வந்துவிடுகிறது. ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும் எண் மாறும். ஆகவே இறக்கம் முழுவதையும் டங்ஸ்டன் கணக்கில் எழுதுவது தவறு.

2021-ல் பெர்க்லியில் ஜுன்சியாவ் வூ குழு சன்னலை விட்டுக் கூரையைப் பார்த்தது. சுமார் 1.5 விழுக்காடு டங்ஸ்டன் கலந்த வனேடியம் டை ஆக்சைடை வெள்ளிப் படலத்தின்மேல் அமைத்த அவர்களின் பூச்சு, 15 டிகிரிக்குக் கீழே வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. 30 டிகிரிக்கு மேல் வானத்தை நோக்கி உமிழ்கிறது. உமிழ்திறன் 0.20-லிருந்து 0.90-க்கு உயர்கிறது. கூரை வழியே யாரும் வெளியே பார்ப்பதில்லை என்பதால் பழுப்பு நிறம் அங்கே குறையல்ல. டங்ஸ்டன் கலந்த படலம் சன்னலுக்கு முன்பே கூரைக்குப் போய்ச் சேரும் என்பதே என் கணிப்பு.