4 கேபி-யா, 2 எம்பி-யா? கெர்னல் போடும் பேஜ் கணக்கு

மக்களே, சி-யில் 4096-க்கு 4096 சைஸில் ஒரு இன்டிஜர் மேட்ரிக்ஸ் எடுத்துக்கோங்க. எல்லா எலிமென்ட்டையும் கூட்டணும். முதல் தடவை இடமிருந்து வலமா, ரோ ரோவா கூட்டுங்க. அடுத்த தடவை மேலிருந்து கீழா கூட்டுங்க. விடை ஒண்ணுதான், கூட்டல்களின் எண்ணிக்கையும் ஒண்ணுதான். ஆனா இரண்டாவது லூப் ரொம்ப மெதுவா ஓடும். ஏன்னு கேட்டா "கேஷ் மிஸ்" என்று பதில் வரும். சரியான பதில்தான், ஆனா முழுப் பதில் இல்லை. ப்ராசஸருக்குள் இன்னொரு குட்டி கேஷ் இருக்கு, அதுவும் சேர்ந்து மிஸ் ஆகுது. அது எதைச் சேமித்து வைக்கிறது என்று தெரியணும்னா பேஜ் டேபிளில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஒரே டேபிள் ஏன் பத்தாது?

ஓஎஸ் பேப்பரில் "பேஜிங்கை விளக்குக" என்று 13 மார்க் கேள்வி வந்தா நாம எல்லாரும் வரையும் படம் ஒண்ணுதான். இடது பக்கம் லாஜிக்கல் அட்ரஸ், நடுவில் ஒரு டேபிள், வலது பக்கம் பிசிக்கல் மெமரி. படத்தில் அந்த டேபிளுக்கு நாலு வரி இருக்கும். நிஜத்தில் எத்தனை வரி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்ம லேப்டாப்பில் இருக்கும் 64 பிட் எக்ஸ்86 ப்ராசஸரில் வர்ச்சுவல் அட்ரஸ் பொதுவா 48 பிட். அதாவது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் 256 டெராபைட் அட்ரஸ் ஸ்பேஸ். ஒரு பேஜ் 4 கேபி என்றால் மொத்தம் சுமார் 6,872 கோடி பேஜ். ஒரு என்ட்ரிக்கு 8 பைட் வைத்தால் டேபிள் மட்டுமே 512 ஜிபி வரும். அதுவும் ஒரு ப்ராசஸுக்கு! கால்குலேட்டர் ஆப் திறக்க 512 ஜிபி ரேம் கேட்டா எங்கே போறது?

அதனால் டேபிளை ஒரே தட்டையான லிஸ்ட்டா வைக்காமல், மரம் மாதிரி நாலு அடுக்கா பிரிச்சிருக்காங்க. 48 பிட் அட்ரஸை 9, 9, 9, 9, 12 என்று வெட்டுங்க. ஒவ்வொரு 9 பிட்டும் ஒரு அடுக்கில் 512 என்ட்ரிகளில் எது என்று சொல்லும். கடைசி 12 பிட், பேஜுக்குள் எந்த பைட் என்று சொல்லும். 512 என்ட்ரி, தலா 8 பைட், பெருக்கினா 4096. அதாவது ஒவ்வொரு டேபிளும் சரியா ஒரு பேஜில் அடங்கிடும். மரத்தின் வேர் எங்கே இருக்கு என்பதை சிஆர்3 என்ற ரெஜிஸ்டர் வைத்திருக்கும். ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கெர்னல் அந்த ரெஜிஸ்டரை மாற்றினாலே போதும், முழு அட்ரஸ் ஸ்பேஸும் மாறிடும்.

இதில் லாபம் என்னன்னா, ப்ராசஸ் தொடாத பகுதிகளுக்குக் கீழ் அடுக்கு டேபிள்களே தேவையில்லை. மேலே ஒரு காலி என்ட்ரி, அவ்வளவுதான். நீங்க மேலாக் போட்டு 1 ஜிபி கேட்டாலும் கெர்னல் உடனே ரேமைத் தூக்கிக் கொடுக்காது. "இந்த ரேஞ்ச் உன்னுது" என்று குறித்து வைக்கும். நீங்க ஒரு பேஜை முதல்முறை தொடும்போது பேஜ் ஃபால்ட் வரும். அப்போதுதான் கெர்னல் ஒரு காலி ஃப்ரேமைத் தேடி, பூஜ்யத்தால் நிரப்பி, என்ட்ரியை எழுதும். எழுதுவது கெர்னல், படிப்பது ஹார்டுவேர். இந்த வேலைப் பிரிவு தெளிவா இருந்தா மீதி எல்லாம் சுலபம்.

வாட்ச்மேனின் ஞாபகசக்தி

ஆனா இப்போ ஒரு சிக்கல். ஒரே ஒரு வேரியபிளைப் படிக்க முதலில் நாலு டேபிளைப் படிக்கணும். ஒரு மெமரி ரீடு ஐந்தா மாறிடுச்சு. இதைத் தவிர்க்கத்தான் டிஎல்பி இருக்கு. சமீபத்தில் பயன்படுத்திய பேஜ்களின் விடையை, அதாவது எந்த பேஜுக்கு எந்த ஃப்ரேம் என்பதை மட்டும், ப்ராசஸர் இதில் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஹாஸ்டலா நினைச்சுக்கோங்க. வார்டன்தான் கெர்னல், ரூம் அலாட்மென்ட் ரெஜிஸ்டர் எழுதுவது அவர். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்தான் ஹார்டுவேர். பார்சல் வந்தா எந்தப் பையன் எந்த ரூம் என்று அவர் நாலு ரெஜிஸ்டரைப் புரட்டணும். அடிக்கடி பார்சல் வரும் பசங்களோட ரூம் நம்பர் அவருக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் டிஎல்பி. பிரச்சினை என்னன்னா, அவருடைய ஞாபகத்துக்கு ஒரு எல்லை இருக்கு.

இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸரில் இரண்டாம் நிலை டிஎல்பியில் 1536 என்ட்ரி. 1536-ஐ 4 கேபியால் பெருக்குங்க. வெறும் 6 எம்பி! 16 ஜிபி ரேம் இருக்கும் மெஷினில் ஒரு நேரத்தில் 6 எம்பிக்குத்தான் மனப்பாடமா வழி தெரியும். 4 கேபி என்ற அளவு இன்டெல் வரிசையில் 1985-ல் வந்த 80386 காலத்திலிருந்தே இருக்கு. ரேம் வளர்ந்த வேகத்தில் டிஎல்பி வளரவில்லை.

இப்போ மேட்ரிக்ஸைப் பாருங்க. ஒரு ரோ 4096 இன்டிஜர், அதாவது 16 கேபி, அதாவது 4 பேஜ். மேலிருந்து கீழே போகும்போது ஒவ்வொரு அடியும் வேறு பேஜில் விழும். அடுத்த காலத்துக்கு வருவதற்குள் 4096 வெவ்வேறு பேஜ் தொட்டாச்சு. 1536 பேரை மட்டுமே ஞாபகம் வைக்கும் வாட்ச்மேனிடம் 4096 பேரை வரிசையா கேட்டா, ஒவ்வொரு தடவையும் ரெஜிஸ்டர்தான். டேபிள் என்ட்ரிகளும் கேஷில் கிடைக்கலாம் என்பதால் ஒவ்வொரு மிஸ்ஸும் ரேம் வரை போகாது. ஆனாலும் வேலை வேலைதான்.

கிளவுடில் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடினால் நிலைமை இன்னும் மோசம். கெஸ்ட் ஓஎஸ்ஸின் ஒவ்வொரு அடுக்கையும் படிக்க, ஹோஸ்டின் நாலு அடுக்கையும் நடக்கணும். மோசமான நிலையில் ஒரு டிஎல்பி மிஸ்ஸுக்கு 24 மெமரி ரீடு வரை போகும்.

பெரிய பேஜ் என்ன செய்யும்?

மரத்தில் கடைசி அடுக்கு வரை இறங்காமல் மூன்றாவது அடுக்கிலேயே "இதுதான் பேஜ்" என்று நிறுத்திட்டா, மிச்சம் 9-ம் 12-ம் சேர்ந்து 21 பிட். அதாவது 2 எம்பி பேஜ். இரண்டாவது அடுக்கிலேயே நிறுத்தினா 1 ஜிபி பேஜ். ஹாஸ்டல் பாஷையில் சொன்னா, ஒவ்வொரு பையனுக்கும் தனி வரி எழுதாமல் "மூணாவது மாடி முழுக்க சிவில் டிபார்ட்மென்ட்" என்று ஒரே வரி. அதே 1536 என்ட்ரி இப்போ 3 ஜிபியைக் காட்டும். நம்ம 64 எம்பி மேட்ரிக்ஸுக்கு வெறும் 32 பேஜ் போதும்.

வேகம் மட்டுமில்லை, ரேமும் மிச்சமாகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு கனெக்ஷனுக்கு ஒரு ப்ராசஸ். 8 ஜிபி ஷேர்டு பஃபர், 200 கனெக்ஷன் என்று வைப்போம். டேட்டா எல்லாருக்கும் பொது, ஆனா பேஜ் டேபிள் அவரவருக்குத் தனித்தனி. 8 ஜிபியை முழுசா தொட்ட ஒரு ப்ராசஸுக்குக் கடைசி அடுக்கு டேபிள் மட்டும் 16 எம்பி. 200 பேருக்குச் சேர்த்து 3 ஜிபிக்கு மேல்! எந்த டேட்டாவும் இல்லாத, வெறும் முகவரிப் புத்தகம். 2 எம்பி பேஜில் அதே கணக்கு ஒருவருக்கு 32 கேபி, மொத்தம் சுமார் 6 எம்பிதான்.

அப்போ எல்லாத்துக்கும் 2 எம்பி கொடுத்துடலாமே?

இங்கேதான் கெர்னலுக்குத் தலைவலி. 2 எம்பி பேஜுக்கு ரேமில் தொடர்ச்சியா, 2 எம்பி எல்லையில் ஆரம்பிக்கும் காலி இடம் வேணும். மெஷின் பல நாள் ஓடிய பிறகு காலி இடம் இருக்கும், ஆனா சிதறிக் கிடக்கும். மாடி முழுக்க வேணும்னா அங்கங்கே இருக்கும் ஓரிரு பசங்களை வேற மாடிக்கு மாற்றணும். கெர்னல் இதைத்தான் கம்பாக்‌ஷன் என்ற பேரில் செய்யுது. நடுவில் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தா அந்த மாடியையே மறந்துடணும். கெர்னலின் சொந்த டேட்டா இருக்கும் பேஜ்கள் பல அப்படித்தான், நகர்த்த முடியாது.

லினக்ஸில் இதற்கு இரண்டு வழி இருக்கு. முதல் வழி ஹியூஜ்டிஎல்பி. இத்தனை பெரிய பேஜ் வேணும் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. நிச்சயமா கிடைக்கும், ஆனா ஒதுக்கியதை வேற யாரும் தொட முடியாது, ஸ்வாப்பும் ஆகாது. இரண்டாவது, 2011-ல் லினக்ஸ் 2.6.38-ல் வந்த ட்ரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ். நீங்க கேட்காமலே, முடிந்த இடத்தில் கெர்னலே 2 எம்பி கொடுக்கும். கேஹியூஜ்பேஜ்டி என்ற த்ரெட் பின்னணியில் சுற்றி, சிறு பேஜ்களை ஒன்றாகச் சேர்க்கும்.

கேட்க நல்லா இருக்கு, இல்லையா? ஆனா ஒரு ப்ரோக்ராம் அங்கொண்ணு இங்கொண்ணா தொட்டா, 4 கேபி தேவைப்பட்ட இடத்துக்கு 2 எம்பி போகும். அதைப் பூஜ்யத்தால் நிரப்பவும் 512 மடங்கு வேலை. கம்பாக்‌ஷன் நடுவில் வந்தா ரிக்வெஸ்ட் தாமதமாகும். ரெடிஸ் மாதிரி ஃபோர்க் போட்டு ஸ்னாப்ஷாட் எடுக்கும் சாஃப்ட்வேருக்கு இன்னொரு அடி. பழைய கெர்னல்களில், ஃபோர்க்குக்குப் பிறகு ஒரு பைட் மாற்றினாலும் 2 எம்பி முழுசும் காப்பி ஆகும். அதனால்தான் இதை ஆஃப் பண்ணச் சொல்லி ரெடிஸ் டாக்குமென்டேஷனே சொல்லுது. மாங்கோடிபியும் பல வருஷம் ஆஃப் பண்ணச் சொன்னது. 8.0 வெர்ஷனில் மெமரி அலாகேட்டரை மாற்றிய பிறகு ஆன் பண்ணச் சொல்லுது. ஒரே டேட்டாபேஸ், இரண்டு எதிர் பதில். மெமரியை எப்படித் தொடுகிறோம் என்பது மாறினால் பேஜ் சைஸுக்கான பதிலும் மாறும்.

நடுவழியும் இருக்கு. ஆப்பிள் எம்1-ல் மேக்ஓஎஸ் 16 கேபி பேஜில் ஓடுது. ஆண்ட்ராய்டு 15-லிருந்து 16 கேபிக்கு ஆதரவு வந்தாச்சு. ஆப் பண்ணும் நண்பர்கள் கவனிங்க: 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ டார்கெட் பண்ணி ப்ளே ஸ்டோருக்கு வரும் புது ஆப்களும் அப்டேட்களும் 64 பிட் போன்களில் 16 கேபியைத் தாங்கணும் என்று கூகுள் விதி வைத்தது. சி, சி++ லைப்ரரியில் 4096 என்று கையால் எழுதி வைத்திருந்தா இப்பவே தேடி எடுங்க. பேஜ் சைஸை சிஸ்டமிடம் கேட்டு வாங்குவதுதான் சரி.

நீங்களே அளந்து பாருங்க

லினக்ஸ் மெஷினில் ப்ராக் ஃபோல்டரில் மெம்இன்ஃபோ என்ற ஃபைலைத் திறங்க. "பேஜ்டேபிள்ஸ்" வரி, டேபிள்களுக்கே எவ்வளவு ரேம் போகுது என்று காட்டும். "அனான்ஹியூஜ்பேஜஸ்" வரி, கெர்னல் தானாகக் கொடுத்த பெரிய பேஜ்கள் எவ்வளவு என்று காட்டும். சிஸ் ஃபோல்டருக்குள் கெர்னல், எம்எம், ட்ரான்ஸ்பரன்ட் ஹியூஜ்பேஜ் என்று இறங்கினா "எனேபிள்ட்" ஃபைல் இருக்கும். அதில் ஆல்வேஸ், எம்அட்வைஸ், நெவர் என்ற மூன்றில் எது சதுர அடைப்புக்குள் இருக்கோ அதுதான் நடப்பில் இருப்பது.

எம்அட்வைஸில் வைங்க. இந்த நிலையில், கேட்கும் ப்ரோக்ராமுக்கு மட்டுமே கெர்னல் பெரிய பேஜ் கொடுக்கும். மேட்ரிக்ஸை 2 எம்பி எல்லையில் அலாகேட் பண்ணி, எம்அட்வைஸ் கால் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை ஓட்டுங்க. பெர்ஃப் டூலில் டிஎல்பி மிஸ் கவுன்டரைப் பாருங்க. கேஷ் மிஸ் எவ்வளவு, டிஎல்பி மிஸ் எவ்வளவு என்று உங்க மெஷினே பிரித்துச் சொல்லும். இன்டர்வியூவில் "ஹியூஜ் பேஜ் நல்லதா?" என்று யாராவது கேட்டா ஆமாம், இல்லை என்று அவசரப்படாதீங்க. "எந்த ப்ரோக்ராமுக்கு சார்?" என்று திருப்பிக் கேளுங்க. கையில் இந்த எண்கள் இருந்தா அந்தக் கேள்வியை தைரியமாகவே கேட்கலாம்.