கிராணியும் குடலின் இலைகளும்

திருவண்ணாமலையில் எவருக்கேனும் நாட்பட்ட வியாதி கண்டு உள்ளூர் வைத்தியம் பலிக்காமற் போனால், வீட்டுப் பெரியவர்கள் அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டு, 'வேலூருக்கு அழைத்துப் போய்விடுங்கள்' என்பது தலைமுறை வழக்கம். 1989 வரை இவ்வூரும் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லாவின் கிராமங்களில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கழிச்சல் மாதக்கணக்கில் நீடித்து, உண்டது உடம்பில் ஒட்டாமல், நாக்குப் புண்பட்டு, சோகை தட்டி மனிதர் உருக்குலையும் நோய் கொள்ளைநோயாகவே பரவிற்று. நம் வைத்தியர்கள் கிராணி என்ற பெயருக்குள் அடக்கியதும், மேனாட்டார் 'ஸ்புரூ' என்றதுமான அந்நோயை ஊர் ஊராகத் தொடர்ந்து சென்றவர்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸெல்வின் பேக்கரும் வி. ஐ. மேத்தனும் ஆவர்.

குடலுக்குள் நடப்பதை அறிய, 1957-இல் அமெரிக்கரான கிராஸ்பி வகுத்த நூதனக் கருவியொன்று அவர்களுக்குக் கைகொடுத்தது. மெல்லிய குழாயின் நுனியில் கோத்த சிறு உலோகக் குப்பியை நோயாளி விழுங்க, அது சிறுகுடலை அடைந்ததை எக்ஸ்ரேயில் கண்டபின், மருத்துவர் ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சுவார். குப்பியின் துவாரத்துள் இழுபட்ட குடற்சவ்வை, உள்ளிருக்கும் வில் விசைக் கத்தி அந்தக் கணமே நறுக்கிவிடும். அந்த நறுக்கை உருப்பெருக்கியின் கீழ் விரித்தால், ஆகாரத்தின் சாரத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தெரியும்.

மேனாட்டு நூல்கள் அவற்றை விரல்களாகவே வர்ணித்திருந்தன. வேலூரிலோ, நோயற்ற மனிதரின் குடலிலும் விரல்கள் அருகி, அகன்ற இலைகளும் நீண்ட வரப்புகளுமே காணப்பட்டன. இது நம் இனத்தின் பிறவி அமைப்போ என்று ஐயுற இடமிருந்தது. 1969-இல் சாக்கோ முதலியோர் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வு அந்த ஐயத்தை அகற்றிற்று: கருவிலிருந்த சிசுக்களின் குடலில் இருந்தவை விரல்களே; பிறந்து, இம்மண்ணின் நீரையும் ஆகாரத்தையும் கிருமிகளையும் சந்தித்த பின்னரே அவை இலைகளாயின. அத்தனை ஆராய்ச்சிகளிலும் என் மனம் மீண்டும் மீண்டும் சென்று நிற்பது இவ்விடத்திலேதான். நலமுள்ளவன் குடல் இன்னதென்று முதலில் தெளியாமல், நோயுற்றவன் குடலில் நோயின் பங்கு எது, மண்ணின் பங்கு எது என்று பிரித்தறிய எவராலும் முடிந்திராது.

பின்னர், அதே கல்லூரியின் மின்னி மேத்தன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பேக்கரோடும் வி. ஐ. மேத்தனோடும் சேர்ந்து 1975-இல் வெளியிட்ட கட்டுரை, சில தினங்களுக்கொருமுறை தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் குடல் உயிரணுக்கள் பிறக்கின்ற அடிக்குழிகளிலேயே சிதைவு நேர்வதைக் காட்டிற்று. அந்நோய்க்கு மூலமான கிருமி இன்றளவும் நிச்சயமாக அகப்படவில்லை. ஆயினும் ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் டெட்ராசைக்ளினும் பெற்ற நோயாளிகளில் பலருக்கு நாக்குப் புண் ஆறிற்று. சோற்றைக் கண்டாலே முகம் திருப்பிக்கொண்டவர்களுக்குப் பசியும் திரும்பி வந்தது.