விசில் யார் கையில்?

கபடியில் ஒரு அணிக்கு ஏழு பேர். இது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினான்கு பேரைத் தவிர இன்னும் ஆறு பேர் களத்தைச் சுற்றி இருக்கிறார்கள்: முதன்மை நடுவர் ஒருவர், துணை நடுவர்கள் இருவர், புள்ளி எழுதுபவர் ஒருவர், அவருக்கு உதவியாளர் இருவர். வென்ற அணியின் பெயர் மறுநாள் பேப்பரில் வருகிறது. இந்த ஆறு பேரை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

விருத்தாசலம் வட்டாரத்தில் பள்ளிக் கபடிக்கு வரும் பிள்ளைகளில் பலர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். பீங்கான் தொழிற்பேட்டையில் கூலிக்குப் போகிறவர், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறவர், கரும்பு வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். ஷூவும் மேட்டும் இல்லாவிட்டாலும் மண் தரையில் ஆடிவிடலாம் என்பதால்தான் கபடி அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஆட்டத்திலும் தீர்ப்பு நேராக இருக்குமா என்ற சந்தேகத்தோடு அவர்கள் கோட்டைத் தொட வேண்டுமா?

தேர்வு எப்படி நடக்கிறது?

பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படுகின்றன. முதலில் குறுவட்டம், பிறகு மாவட்டம், அதன் பிறகு மாநிலம். குறுவட்டப் போட்டியை ஒரு பள்ளி பொறுப்பேற்று நடத்துகிறது. கலந்துகொள்ளும் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் உடற்கல்வி இயக்குநர்களுமே பெரும்பாலும் நடுவர்களாக நிற்கிறார்கள். மாவட்ட அளவில் உடற்கல்வி ஆய்வாளர் மேற்பார்வை செய்கிறார்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் தன் அணியை அழைத்து வந்து, மதியம் வெயிலில் விசிலோடு நின்று, மாலையில் பிள்ளைகளைப் பேருந்து ஏற்றிவிடும் ஆசிரியர்கள் இல்லையென்றால் இந்தப் போட்டிகளே கிடையாது. சிக்கல் முறையில் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் உள்ள பள்ளிக்கு நடுவர் மேசையில் ஒருவர் இருக்கிறார். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத சிறிய உயர்நிலைப் பள்ளிக்கோ, ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கோ அங்கே யாரும் இல்லை. கணக்கு ஆசிரியரோ தமிழ் ஆசிரியரோ துணைக்கு வருவார். தீர்ப்பில் சந்தேகம் வந்தால் எந்த விதியைச் சொல்லிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

ஒரு புள்ளியின் விலை

கபடி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவாகும் ஆட்டம். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. மூச்சு விட்டாரா, பாட்டு அறுந்ததா என்பதைக் காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்டியபோது மற்றொரு கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா? எதிரணியைத் தொட்ட பிறகு பக்கக் கோட்டைக் கடந்தாரா, தொடுவதற்கு முன்பே கடந்தாரா? 2014-இல் தொடங்கிய புரோ கபடியில் இவற்றுக்கு ரீப்ளே உண்டு. பள்ளி மைதானத்தில் நடுவரின் கண் மட்டுமே உண்டு.

தோற்றால் அன்றோடு வெளியே. குறுவட்டத்தில் நின்றுபோன பிள்ளை மாவட்டத்துக்குப் போக முடியாது. மாநிலச் சான்றிதழைக் கனவிலும் பார்க்க முடியாது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் விளையாட்டுப் பிரிவுக்கு இருக்கின்றன. இந்தக் கதவுகளைத் திறக்கும் சான்றிதழ்களுக்கான பாதை குறுவட்ட மைதானத்தில்தான் தொடங்குகிறது. படிப்புச் செலவுக்கே திண்டாடும் வீட்டில் அந்தச் சான்றிதழ் சாதாரணக் காகிதம் அல்ல.

சாதி களத்துக்குள் வரும்போது

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போன பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் எதிரணி தோற்றதால் வந்த ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அந்தக் கொடுமைக்கும் நடுவர் நியமனத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள கோடு கபடிக் களத்தின் நடுக்கோட்டோடு எப்படிக் கலந்துவிடுகிறது என்பதை அது காட்டியது. இப்படிப்பட்ட மண்ணில் விசில் பிடித்தவர் மீது இரு தரப்புக்கும் நம்பிக்கை இருப்பது பிள்ளைகளின் பாதுகாப்பு சார்ந்த விஷயமும்கூட.

2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, ஒரு பகுதியில் ஆதிக்கம் உள்ள சாதியைச் சேர்ந்தவரை அதே பகுதியில் கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ நியமிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. தனிமனிதரின் நேர்மையை மட்டும் நம்பியிருக்காமல், சந்தேகத்துக்கு இடமில்லாதபடி நியமன முறையையே அமைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நடுவருக்கும் இது பொருந்தும்.

உலகம் கற்ற பாடம்

ஒரு காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட்டில் போட்டியை நடத்தும் நாட்டுக்காரர்களே அம்பயர்களாக இருந்தார்கள். தோற்ற அணிகள் புலம்பிக்கொண்டே இருந்தன. 1986-இல் பாகிஸ்தான், வெஸ்ட் இண்டீசுக்கு எதிரான லாகூர் டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் அழைத்தது. 1994-இல் ஒரு பொது நாட்டு அம்பயர் கட்டாயமானார். 2002-இல் இருவருமே பொது நாட்டவர் என்றானது. உள்ளூர் அம்பயர்கள் எல்லோரும் திருடர்கள் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. யாரும் விரல் நீட்ட முடியாத முறை வேண்டும் என்றுதான் முடிவு செய்தார்கள்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. அரையிறுதி முதல், மோதும் இரண்டு பள்ளிகளின் ஆசிரியரும் அந்த ஆட்டத்தில் விசில் பிடிக்கக் கூடாது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை எழுதி, இரு அணிப் பொறுப்பாளர்களின் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். இறுதிப் போட்டிக்குப் பக்கத்துக் குறுவட்டத்திலிருந்து நடுவர்களை வரவழைக்கலாம். ஆட்சேபம் இருந்தால் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் எழுதிக் கொடுப்பது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லா அணிகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. எதிராக வந்த தீர்ப்பெல்லாம் சாதித் தீர்ப்பு ஆகிவிடாது. விதியைப் படித்தவர்தான் தவறையும் துரோகத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். ஆட்டத்தை நிறுத்தியதும் ஆசையையும் நிறுத்திவிடும் நம் இளைஞர்கள் நடுவர் தேர்வு எழுத முன்வர வேண்டும். கபடிக் கழகம் நடத்தும் அந்தத் தேர்வில் விதிகளைப் பற்றிய கேள்விகளோடு களத்தில் விசில் பிடித்துக் காட்டும் சோதனையும் உண்டு. உடற்கல்விப் படிப்பு நம் மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஆடுகிறவர்களாக நம் பிள்ளைகள் களத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அடுத்த குறுவட்டப் போட்டியின்போது ஒவ்வொரு ஊரும் எண்ணிப் பார்க்கட்டும். போட்டிக்கு முன்பே, நடுவர் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டும்படி தலைமையாசிரியரிடம் பெற்றோர் எழுதிக் கேட்கட்டும். கேட்பதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும்.